அத்தியாயம் 14: புகார் ஏதும் இல்லை

நீலம்மா அரைக் கிலோ சர்க்கரையை எவர்சில்வர் தட்டில் கொட்டி, வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்ததோடு போன வாரம் விட்டோம். திங்கட்கிழமை விடிந்தபோது அந்தத் தட்டு ஹூப்ளி வீட்டுச் சமையல் மேடையில் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நவலகுந்திலிருந்து பெண் வீட்டுப் பெரியப்பா வருவார். ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரை வாயில் போடுவார். போட்டுவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

சங்கமேஷின் மனைவி சிவலீலா இறந்து ஏழு மாதம். ஐந்து நாள் காய்ச்சலில் போனவள். மகள் பூமிகாவுக்கு மூன்று வயது. கதக்கில் இருந்த மாமியார் நீலம்மா, பேத்தியைப் பார்த்துக்கொள்ள மருமகன் வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது, சிவலீலாவின் தங்கை கஸ்தூரியையே சங்கமேஷுக்குக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வீடு வீடாகவே இருக்கும், குழந்தைக்கு வேற்று முகம் வராது என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சங்கமேஷ் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் எதற்காவது ஏதாவது சொல்லி ஏழு மாதமாகிறது.

நீலம்மா சோள ரொட்டியைத் தட்டிக்கொண்டே பேசினாள். "ஆறு மணிக்குள்ள வந்துடுங்க மாப்பிள்ளை. பெரியப்பாவைக் காக்க வைக்கக் கூடாது."

"கஸ்தூரி வர்றாளா?"

"டியூட்டி முடிஞ்சு பஸ் பிடிச்சா ஆறரை ஆகும். அவ இருந்தாதான் ஆகணும்னு இல்லையே. மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன், வாயே திறக்கல. வேணாம்னா சொல்லியிருப்பாளே?" ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நீங்களும் ஒண்ணும் சொல்லல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

சங்கமேஷ் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது. என்ன என்று தெரியவில்லை. அதற்குள் போன் அடித்தது.

அலுவலகத்திலிருந்து ஃபர்ஜானா. கிளைகளின் குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்பவள். அங்கே சங்கமேஷைக் குடும்பப் பெயரால் அங்கடி என்றுதான் கூப்பிடுவார்கள். "அங்கடி சார், எங்க இருக்கீங்க?"

"வீட்ல. என்ன?"

"ஹாவேரி, ரோண், கதக். மூணு இடத்துலயும் கம்ப்யூட்டரைப் போட்டா நீலத் திரை வருதாம். ஏதோ நம்பர் கேக்குதாம்." பின்னால் இன்னொரு போன் அடித்தது. "இருங்க. லக்ஷ்மேஷ்வரும்தான்."

நான்காவது பெயரைக் கேட்டதும் சங்கமேஷ் எழுந்துவிட்டான். ஒரு கிளை என்றால் கரண்ட் கோளாறு. நான்கு கிளை என்றால் காரணம் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது அவன்.

ரொட்டியைத் தொடாமல் கிளம்பினான்.

அவன் கம்பெனிக்கு முப்பத்தொரு ஊர்களில் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், தலைமை அலுவலகம் வித்யாநகரில், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கணினிகள். எந்தக் கணினியில் என்ன இருக்கவேண்டும், எதைப் புதுப்பிக்கவேண்டும் என்பதையெல்லாம் சங்கமேஷ் தன் மேஜையிலிருந்தே அனுப்புவான். ரோணில் இருக்கும் கணினியை அவன் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் போய்ச் சேரும்போது ஏழே முக்கால். ஃபர்ஜானா இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒன்றை இறக்கினாள்.

"பதினேழு கிளை சார். டீ சொல்லவா, இல்ல விஷம் சொல்லவா?"

"டீ."

திரையைத் திறந்தான். விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு அப்டேட் போயிருந்தது. கணினியின் அடிமட்டத்தையே மாற்றும் பெரிய அப்டேட். யாரோ திருடன் கை வைத்துவிட்டான் என்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பூட்டு நினைத்துக்கொண்டு இறுக மூடிவிட்டது. திறக்கவேண்டுமானால் நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றை அடிக்கவேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு எண். எல்லா எண்களும் இவனிடம் இருந்தன. அந்த ஒரு நல்ல காரியத்தை அவன் எப்போதோ செய்து வைத்திருந்தான்.

முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்தினான். நூற்று முப்பத்தெட்டு கணினிகளுக்கு அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பெண்டிகேரி வந்து பின்னால் நின்றார். அலுவலகம் முழுவதற்கும் பொறுப்பானவர். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"அங்கடி, வெறும் வயித்தோட ஜனங்க வரிசைல நிக்கறாங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னும் தெரியல சார்."

"முதல்ல பத்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பார்ப்பீங்களே. ரெண்டு நாள் பொறுத்து, நல்லா இருந்தா மத்ததுக்கு. நீங்க போட்ட சட்டம்தானே அது?"

"ஆமா சார்."

"அந்தப் பத்துல ஒண்ணுகூட அழலையா?"

சங்கமேஷ் அந்தப் பட்டியலைத் திறந்தான். மேலே பச்சை எழுத்தில் எழுதியிருந்தது: தோல்வி எதுவும் இல்லை. அனைத்துக்கும் அனுப்பலாம்.

கீழே பத்துப் பெயர்கள் இருக்கவேண்டும். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி, சிவலீலா.

அவன் அந்தப் பெயரை மறுபடி படித்தான். போன வருஷம் பழைய கணினிகளை மாற்றியபோது மற்ற ஒன்பதும் பட்டியலிலிருந்து போயிருந்தன. புதியவற்றைச் சேர்க்க நினைத்திருந்தான். அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. அதன்பின் அந்தப் பட்டியலை அவன் திறக்கவே இல்லை.

அந்தப் பெயரைச் சேர்த்ததும் அவன்தான், கல்யாணமான புதிதில். சிவலீலா மூன்றாம் மாடியில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பாள். என்ன அனுப்பினாலும் ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து போன் வரும். 'என்னத்தை அனுப்பித் தொலைச்சீங்க? பிரிண்டர் பேய் பிடிச்ச மாதிரி கத்துது.' அலுவலகத்தில் அவளைப் போல வாய்விட்டுப் புகார் சொல்ல ஆளில்லை. அதற்காகத்தான் சேர்த்தான்.

இப்போது அவள் கணினி அவன் மேஜைக்கு அடியில் இருந்தது. மேலே ஒரு துண்டு. கம்பி பிடுங்கி ஏழு மாதம். வேறு யாருக்கும் அவன் கொடுக்கவில்லை. ஏன் என்று அவனை யாரும் கேட்கவுமில்லை.

சனிக்கிழமை அப்டேட் அதற்குப் போகக் காத்திருந்தது. அணைந்து கிடக்கும் கணினி எதையும் வாங்கவில்லை, எதையும் சொல்லவில்லை. தோல்வி என்று யாரும் சொல்லவில்லை என்றால் வெற்றி. அவன் எழுதிய சட்டம் அப்படி. ஏழு மாதமாகச் சின்னச் சின்ன அப்டேட்டுகள் இப்படியே எல்லா ஊருக்கும் போயிருக்கின்றன. எதுவும் கெடாதது அதிர்ஷ்டம். இன்றைக்கு அந்த அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டது.

"பத்தும் அழலையா?" பெண்டிகேரி மறுபடி கேட்டார்.

"அழ யாரும் இல்ல சார்," என்றான் சங்கமேஷ். "முதல்ல இதைச் சரி பண்ணிடறேன். அப்புறம் சொல்றேன்."

அவர் திரையைப் பார்த்தார். அந்தப் பெயரைப் படித்தார். தன் அறைக்குப் போய்விட்டார்.

எண்ணை அடித்தால் போதுமா? அடித்தபின் மறுபடி பூட்டிக்கொண்டால்? நூற்று முப்பத்தெட்டு இடத்திலும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. ஒரு கிளையில் செய்து பார்க்கவேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆளாக இருக்கவேண்டும்.

"லக்ஷ்மேஷ்வர்ல பார்க்கலாமா?" என்றாள் ஃபர்ஜானா.

"அங்க யாரு?"

"மடிவாளரு."

"வேணாம். அவரு எதுக்கும் ஆச்சு ஆச்சும்பாரு." கொஞ்சம் யோசித்தான். "கதக்கைக் குடுங்க."

கதக் கிளையில் வேலை பார்க்கும் கஸ்தூரி போனை எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"மாமா?" அவள் குரல் தயங்கியது. அவன் நேராக அழைப்பது வழக்கமில்லை. ஏழு மாதமாக இருவரும் பேசியது பூமிகாவின் இருமலைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும்தான்.

"கஸ்தூரி, உன் கம்ப்யூட்டர்ல ஒண்ணு செஞ்சு பார்க்கணும். சரியா வருமான்னு எனக்கே தெரியாது. என்ன வருதோ அதை அப்படியே சொல்லு. எனக்காகப் பூசி மெழுகாத."

"சீக்கிரம் சொல்லுங்க. எதிர் ஆஸ்பத்திரில ஒரு அம்மாவுக்குப் பத்தரைக்கு ஆபரேஷன். ரத்த ரிப்போர்ட் இந்தப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. அவங்க புருஷன் என் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கறாரு."

அவன் எண்ணைச் சொன்னான். ஆறு ஆறாக எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையையும் அவள் திருப்பிச் சொன்னாள். ஐந்தாவது வரிசையில் ஒரு இலக்கத்தை அவனே மாற்றிச் சொல்லிவிட்டான்.

"இது தப்பு மாமா. வாங்க மாட்டேங்குது."

"இரு. நாலு இல்ல, ஏழு."

"தூங்கறீங்களா?"

அக்காவின் அதே அதட்டல். அவன் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தான்.

"திறந்துடுச்சு," என்றாள். அவன் மூச்சு விடுவதற்குள், "இல்ல. தானா அணைஞ்சு வருது. மறுபடி அதே நீலம்."

ஒன்பதே கால்.

அவன் நெற்றியைத் தேய்த்தான். நிறுத்தச் சொன்ன உத்தரவு இன்னும் கிளைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. திறந்தவுடன் கணினி கம்பி வழியாகப் பழைய உத்தரவையே கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி பூட்டிக்கொள்கிறது.

"கஸ்தூரி, பெட்டிக்குப் பின்னால நீலக் கம்பி ஒண்ணு வரும். அதைப் பிடுங்கு."

"பிடுங்கினா இங்கேருந்து உங்களுக்கு எதுவும் வராதே."

"வர வேணாம். நீ வாயால சொல்லு."

மேஜை நகரும் சத்தம் கேட்டது. மறுபடி நாற்பத்தெட்டு இலக்கம். இந்தத் தடவை அவன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் படித்தான்.

"திறந்துடுச்சு."

"இப்ப நீயே ஒரு தடவை அணைச்சுப் போடு."

காத்திருந்தான். ஃபர்ஜானா இரண்டு போனையும் மேஜையில் வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். குழந்தையின் அழுகை நின்றிருந்தது. அல்லது அவனுக்குக் கேட்கவில்லை.

"நிக்குது மாமா. நீலம் வரல." சற்று நேரத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் வந்தது. "ரிப்போர்ட் வந்துடுச்சு. அவரு வாங்கிட்டு ஓடறாரு."

"சரி. நல்லது."

"மாமா." அவள் குரல் தணிந்தது. "சாயங்காலம்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வரிசை நிக்குது." வைத்துவிட்டாள்.

அவன் போனைக் கையிலேயே வைத்திருந்தான். ஒன்றுமில்லை. அப்படித்தான் காலையில் பச்சை எழுத்தில், எதுவும் இல்லை என்று படித்திருந்தான்.

யோசிக்க நேரமில்லை. கம்பியைப் பிடுங்கு, எண்ணை அடி, அணைத்துப் போடு, ஒரு மணி நேரம் கழித்துக் கம்பியை மாட்டு. அவனும், ஃபர்ஜானாவும், மாடியிலிருந்து பிடித்து வந்த நான்கு பேரும் ஊர் ஊராக அழைத்தார்கள். அறை முழுக்க எண்கள். யாரோ மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி வைத்தார்கள். தின்று முடித்ததும் போனெல்லாம் எண்ணெய் ஆனது.

"மடிவாளரே, கம்பியைப் பிடுங்கிட்டீங்களா?" என்று ஃபர்ஜானா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சும்மா."

"நம்பர் அடிச்சீங்களா?"

"ஆச்சு ஆச்சு."

"நான் இன்னும் நம்பரே சொல்லலையே, எப்படிங்க ஆச்சு? உங்க கல்யாணத்தையும் இப்படித்தான் முடிச்சாங்களா?"

அறையே சிரித்தது. சங்கமேஷ் சிரிக்கவில்லை. ரோண் கிளையின் ஆறாவது வரிசையில் இருந்தவன், எந்த இலக்கத்தில் விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கடைசிக் கணினி நர்குந்தில் திறந்தபோது மணி நான்கே முக்கால். பெண்டிகேரியின் அறைக்குப் போனான்.

"உட்காருங்க."

"நின்னே சொல்லிடறேன் சார். அந்தப் பட்டியல்ல ஒரே கம்ப்யூட்டர்தான் இருந்தது. அது அணைஞ்சு ஏழு மாசம் ஆச்சு. சும்மா இருந்ததை நல்லா இருக்குன்னு கணக்குல எடுத்துக்கிச்சு. தப்பு மிஷினோடது இல்ல. நான் பார்த்திருக்கணும்."

பெண்டிகேரி கண்ணாடியைக் கழற்றினார். "அது சிவலீலா உட்கார்ந்த கம்ப்யூட்டரா?"

"ஆமா சார்."

"எழுதிக் குடுங்க. முதலாளிக்கு நான் பதில் சொல்லணும். என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது." கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அந்தப் பேரை இன்னைக்கே எடுத்துடுங்க அங்கடி. உயிரோட இருக்கற பத்துப் பேரைப் போடுங்க."

சொன்னபின் அவருக்கே சங்கடமாகிவிட்டது. மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

சங்கமேஷ் வந்து திரையின் முன் உட்கார்ந்தான். முதலில் கதக்கைச் சேர்த்தான். மற்ற ஒன்பதையும் சேர்த்தான். பிறகு சட்டத்தை மாற்றினான். 'தோல்வி இல்லை என்றால் அனுப்பு' என்றிருந்ததை எடுத்துவிட்டு, 'பத்தும் சரி என்று பதில் சொன்னால் மட்டும் அனுப்பு' என்று எழுதினான். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் நின்றுவிடும்.

கடைசியாக அந்தப் பெயரைத் தொட்டு, நீக்கு என்பதை அழுத்தினான். உறுதியாகவா என்று திரை கேட்டது. அவன் நிரலிலேயே, எதையும் செய்வதற்கு முன் திரும்பக் கேட்கும் இடம் அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆம் என்றான்.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஆறு அடித்துவிட்டது. நீலம்மாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன.

வீட்டில் பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துணி எடுத்த சர்க்கரைத் தட்டு முன்னால் இருந்தது. பூமிகா ஏற்கெனவே ஒரு பிடி எடுத்திருக்கவேண்டும், மோவாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. எங்க, உங்க கம்பெனி உங்களை விட மாட்டேங்குதா? கடைசி பஸ்ஸுக்கு நான் போகணும்." பெரியப்பா கரண்டியைக் கையில் எடுத்தார். "உட்காருங்க. நல்ல நேரம் போகுது."

"கஸ்தூரி இன்னும் வரலையே பெரியப்பா."

"அவ வந்ததும் அவ வாயிலயும் போட்டுடலாம். அவதான் வேணாம்னு சொல்லலையே."

நீலம்மா தலையாட்டினாள். "ஒரு வார்த்தை சொல்லல."

கரண்டி அவன் முகத்துக்கு நேராக வந்தது. சர்க்கரை ஒரு குன்றுபோல் நிறைந்திருந்தது. காலையில் செம்பைக் கீழே வைத்தபோது என்ன சொல்ல வந்தோம் என்று சங்கமேஷுக்கு இப்போது தெரிந்தது. பெரியவரின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கரண்டியைத் தட்டிலேயே இறக்கினான்.

"பெரியப்பா, வேணாம்னு சொல்லலைன்னா சரின்னு அர்த்தம் இல்ல. அதை நம்பி இன்னைக்கு முப்பத்தொரு ஊரை நிறுத்திட்டு வந்திருக்கேன்."

"என்ன சொல்றாரு இவரு?" பெரியப்பா நீலம்மாவைப் பார்த்தார். "சம்மதம் இல்லையாமா?"

"மாப்பிள்ளை, பெரியவங்க முன்னால..." நீலம்மாவின் குரல் உடைந்தது. "என் ஒரு பொண்ணு போயிட்டா. இந்தப் பிஞ்சை நான் யாரு கையில விட்டுட்டுப் போவேன்?"

"நான் சம்மதம் இல்லைன்னு சொல்லல அத்தை. அவளைக் கேக்கலைன்னு சொல்றேன். நாம யாருமே கேக்கல. சொல்லிட்டுத்தான் இருக்கோம்."

வாசலில் கேட் திறந்தது. பூமிகா "சித்தி" என்று ஓடினாள்.

கஸ்தூரி உள்ளே வந்தாள். தோளில் பை, விரல்களில் பிரிண்டர் மை. தட்டைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், அம்மாவின் ஈரக் கண்ணைப் பார்த்தாள். காலில் சுற்றிக்கொண்ட குழந்தையின் மோவாயை முந்தானையால் துடைத்தாள்.

"வா கஸ்தூரி," என்றான் சங்கமேஷ். "இன்னைக்கே பதில் சொல்லணும்னு இல்ல. இவங்க முன்னாலதான் சொல்லணும்னும் இல்ல. ஆனா கேக்கவேண்டியது என் கடமை. இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டமா, இல்லையா? எதுவா இருந்தாலும் காலைல சொன்ன மாதிரி சொல்லு. பூசி மெழுகாத."

கஸ்தூரி பையை இறக்கி வைத்தாள். பதில் சொல்ல அவசரப்படவில்லை. மூன்று வாரமாக அந்த வீட்டில் எல்லோரும் அடக்கம் என்று நினைத்திருந்த அவள் மௌனம், அருகில் பார்க்க அடக்கமாகவே இல்லை.

"எனக்குப் பதில் இருக்கு மாமா. மூணு வாரமாவே இருக்கு. ஆனா ஒண்ணு." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா போனதுலேருந்து உங்களை யாராவது ஏதாவது கேட்டாங்களா? நீங்களும் ஒண்ணும் சொல்லலைன்னுதானே இந்தத் தட்டு வந்திருக்கு? முதல்ல உங்க பதிலைச் சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

பெரியப்பா கரண்டியைப் பார்த்தார். நீலம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு பேரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

சங்கமேஷ் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். ஏழு மாதத்துக்குப் பிறகு தன் மனதைச் சொல்லப் போகும் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை.

"உட்காரு கஸ்தூரி," என்றான். "சொல்றேன்."